தண்ணீர் கேட்காத தோட்டம்

தண்ணீரில்லாமல் தோட்டம் வளர்க்கும் வித்தையை உலகத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது மன்னார் மாவட்டத்துக் கண்டல்வெளி வித்தியாலயம்தான். விஞ்ஞான உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளாமலிருப்பது விஞ்ஞான உலகத்துக்குத்தான் வெட்கக்கேடு. கண்டுபிடித்தவர் அதிபர் பரமநாதன். உண்மையில் அவர் தேடிப் புறப்பட்டது ஒரு கிணற்றை. பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அப்படித்தான். ஒன்றைத் தேடிப் போகிறவரின் கையில் இன்னொன்று வந்து மாட்டும்.

மன்னார்த் தீவிலிருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியைத் தாண்டி, பாப்பாமோட்டைப் பக்கமாகப் போய், தார் முடிந்து புழுதி தொடங்கி, புழுதியும் முடிகிற இடத்தில் கண்டல்வெளி இருக்கிறது. சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய காலம். சிலர் வவுனியா முகாம்களிலிருந்து வந்தார்கள், சிலர் தமிழ்நாட்டில் மண்டபம் முகாமிலிருந்து கடல் கடந்து வந்தார்கள். பள்ளிக்கூடமும் திரும்பி வந்தது. புதுத் தகரக் கூரை, அரைச்சுவர், கரும்பலகை, பச்சை எழுத்தில் பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. கிணறு மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றால், இருந்த இடத்திலேயே தூர்ந்து கிடந்தது. ஒருகாலத்தில் ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுத்த கிணறு. சண்டைக்காலத்தில் அதன் கட்டு இடிந்து உள்ளே விழுந்து, அதற்கு மேல் மண்மூட்டையும் பனங்குற்றியும் துருப்பிடித்த இரும்பும் விழுந்து மூடிவிட்டன. மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்து, உள்ளே வெடிபொருள் இல்லை என்று அத்தாட்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுடைய வேலை இல்லை. ஊர் ஆண்கள் சிரமதானம் செய்து இறங்கித் தோண்டினார்கள். பக்கச்சுவர் சரிந்து பாலசிங்கம் என்பவரை இடுப்புவரை மூடிவிட்டது. கயிறு கட்டித்தான் இழுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு, இயந்திரமும் கொங்கிறீற் வளையமும் இல்லாமல் எவரும் இறங்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நியாயமான கட்டளை. இயந்திரமும் வளையமும் கூடவே வரவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் குடிப்பதற்கு முற்றத்தில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி வைத்திருந்தார்கள். அதை நிரப்பத் தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வரும். வரும் என்பது ஒரு நம்பிக்கை. நம்பிக்கை பொய்த்த நாட்களில் நாலாம் வகுப்புக் கிறிஸ்ரினா வரவு இடாப்புக் கூப்பிட்டு முடிந்ததும் அதிபரின் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள்.

“சேர், தண்ணி எப்ப வரும்?”

“வரும் பிள்ளை, வரும்.”

“நேற்றும் அப்பிடித்தான் சொன்னீங்கள்.”

ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் தேவாரத்துக்கும் செபத்துக்கும் நடுவே அவள் சுருண்டு விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டபோது தாய் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. “முகாமில எவ்வளவோ கஷ்டம் சேர். ஆனா குழாயைத் திறந்தால் தண்ணி வந்தது. சொந்த ஊருக்கு வாங்கோ வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தது இதுக்குத்தானோ?” என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே பரமநாதன் முடிவு செய்துவிட்டார். என்ன பாடுபட்டாவது அந்தக் கிணற்றைத் திறந்துவிடுவது.

அவர் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனார். “பள்ளிக்கூடக் கிணறெண்டால் பள்ளிக்கூடக் கந்தோருக்கெல்லோ போகவேணும்” என்றார்கள். அந்தக் கந்தோருக்குப் போனார். “கிணறெண்டால் தண்ணி. தண்ணிக்கு வேற கந்தோர்” என்றார்கள். வேறு கந்தோரில், “தூர்ந்த கிணறு கிணறே இல்லை, அது பள்ளம். பள்ளத்துக்கு எங்களிட்டை ஒதுக்கீடு இல்லை” என்று கதிரை கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து, மிக மரியாதையாகச் சொன்னார்கள். பாவி மனுசன் அந்தத் தேத்தண்ணியைக்கூட முழுவதும் குடிக்காமல் எழும்பி வந்தார்.

இப்படி அவர் அலைந்துகொண்டிருந்தபோதுதான் ‘மீள்குடியேறிய பாடசாலைகளில் சுற்றாடல் கல்வியின் அத்திவாரத்தைப் பலப்படுத்தும் செயற்றிட்டம்’ மன்னாரில் வந்து இறங்கியது. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியவர் அதன் இணைப்பாளர் சாந்தரூபன் ஒருவர்தான். அதனால்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்ததென்று பொறாமைக்காரர் சிலர் சொல்வார்கள். நம்பவேண்டாம்; பல பைகள் வைத்த கையில்லாச் சட்டையும் அவரிடம் இருந்தது.

முதல் செயலமர்வு மன்னார் நகரத்தில், ஒரு விடுதியின் குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. சுற்றாடல் உள்ளே வந்துவிடாதபடி ஜன்னல்களை இறுக்கிப் பூட்டித் திரை போட்டிருந்தார்கள். வாசலில் நிழலுக்கு ஒதுங்கி நின்ற கழுதைகளைக் காவலாளி துரத்தி முடித்ததும் கலாநிதி மங்கையற்கரசி உரையாற்ற எழுந்தார். நல்ல மனுசி, நல்ல படிப்பு. கண்டல்வெளிக்கு வருகிற பவுசரைவிட ஒழுங்காக அவருக்குச் சொற்கள் வந்தன.

“சுற்றாடல் கல்விக்கு அத்திவாரம் மூண்டு. சுற்றாடலைப் பற்றிய கல்வி, சுற்றாடலில் கல்வி, சுற்றாடலுக்கான கல்வி” என்றார். ஒவ்வொரு அத்திவாரத்துக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, இரண்டு மிடறு குடித்து, அப்பால் வைத்தார். எல்லோருக்கு முன்னாலும் போத்தல்கள் இருந்தன. எல்லோரும் அப்படித்தான் குடித்தார்கள். படித்தவர்கள் போத்தலை அடிவரை குடிப்பதில்லை.

பிறகு குழுச் செயற்பாடு. பரமநாதன் ‘நீர்’ குழுவில் விழுந்தார். அவரும் நாலு அதிபர்களும் பெரிய தாளில் நீல மாக்கரால் ஒரு கிணறு வரைந்தார்கள். கப்பி, கயிறு, வாளி, வாளியிலிருந்து சொட்டும் துளிகூட விடாமல் வரைந்தார்கள். மண்டபம் கைதட்டியது. மங்கையற்கரசி மெடம் அதன்மேல் ‘மிக நன்று’ என்று ஒரு நட்சத்திரம் ஒட்டினார். அந்தச் சந்தோசத்தில் பரமநாதனுக்குத் துணிவு வந்துவிட்டது.

“மெடம், உது மாதிரி ஒண்டு எங்கட பள்ளிக்கூடத்தில தூர்ந்து கிடக்குது. அதைத் துப்புரவாக்கித் தந்தால்...”

சாந்தரூபன் பாய்ந்து வந்தார். “சேர், சேர்! அது கட்டுமானம். இது விழிப்புணர்வு. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.”

“எங்களுக்கு விழிப்பு இருக்குது தம்பி. தண்ணிதான் இல்லை.”

மெடத்துக்குப் பரிதாபம் வந்துவிட்டது. சாந்தரூபனின் காதில் ஏதோ சொன்னார். சாந்தரூபன் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: முதலாந்தரப் ‘பசுமைப் பாடசாலை’யாகத் தெரிவாகும் பள்ளிக்கூடம் தனக்குத் தேவையான ஒரு வசதியைக் கேட்கலாம். கிணறென்றாலும் கேட்கலாம்.

“அதுக்கு நாங்கள் என்ன செய்யவேணும்?” பரமநாதன் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

“தோட்டம் வேணும் சேர். பச்சைப்பசேலெண்டு இருக்கவேணும்.”

“தோட்டத்துக்குத் தண்ணி?”

“அது நீங்கள்தான் பாக்கவேணும். பாடசாலையின்ர பங்களிப்பு எண்டு ஒண்டு இருக்குத்தானே.”

ஆக, கிணறு வேண்டுமானால் தோட்டம் காட்டவேண்டும்; தோட்டம் காட்டக் கிணறு வேண்டும். இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்கமுடியாது. இயற்கையில் எல்லாமே ஒரு வட்டம் என்று மெடம் காலையில்தான் படிப்பித்திருந்தார்.

செயற்றிட்டம் இலவசமாகக் கொடுத்த கன்றுகளைப் பரமநாதன் கொண்டுவந்து நட்டார். வெயில் பாதியைத் தின்றது, ஆடு மீதியைத் தின்றது. ஐந்தாம் வகுப்புப் படிப்பிக்கும் றஞ்சிதம் ரீச்சர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை.

“சேர், பிள்ளையள் குடிக்கவே இல்லை. கன்றுக்கு என்னத்தை ஊத்துறது? எங்கட கண்ணீரையோ?”

“ரீச்சர், கிணறு வருமெல்லோ.”

“வரும் வரும். உங்கட பவுசர் வந்தமாதிரி வரும்.”

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பின் அருமை விளங்காது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடித் திரும்பிய சனத்திடம் என்ன இருக்கும்? கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி, பரிசளிப்பு விழா எது வந்தாலும் வாடகைக்கடைதான். கதிரை வரும், தகரப்பந்தல் வரும், சமைக்கிற கிடாரம் வரும், மணவறை வரும், வாசலில் வைக்கிற பூச்சட்டியும் வரும். அடுத்த நாள் எல்லாம் திரும்பிப் போகும். இதில் எவருக்கும் வெட்கமில்லை. வாடகைக் கதிரையில் ஆட்கள் இருந்ததால் எவருடைய கலியாணமும் செல்லாமல் போனதில்லை. அப்படியானால் தோட்டத்துக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம் என்று பரமநாதனுக்கு ஒருநாள் குளிக்காமல் இருந்து யோசிக்கும்போது தோன்றியது.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அருளப்புவின் வாடகைக்கடை. கொடுத்த சாமான் மாறிப்போகாமல் ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பெயின்றால் ‘அருள்’ என்று எழுதி வைத்திருப்பார். மாவட்டத்தில் எந்த விருந்தில் கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அருள் இருக்கும்.

“எத்தினை கதிரை சேர்?” என்றார் அருளப்பு.

“கதிரை இல்லை அருளப்பு. பூச்சட்டி. ஒரு... ஒரு தோட்டமளவுக்கு.”

“ஓ, தோட்டமோ!” அருளப்பு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். “உங்களுக்கு எண்டைக்குத் தோட்டப் பரிசோதனை? வியாழனோ? செவ்வாயும் புதனும் தோட்டம் வேற பள்ளிக்கூடங்களில நிக்குது. புதன் பின்னேரம் அங்க கழட்டினவுடன வஸீரின்ர பட்டாவில உங்களிட்டை வரும்.”

பட்டா என்றால் சின்ன லொறி. பரமநாதனுக்கு வாய் பிளந்துவிட்டது. “எல்லாரும் எடுக்கினமோ?”

“நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன் சேர். என்ர செவ்வரத்தை இப்ப உயர்தரம் வரைக்கும் இருக்கிற பள்ளிக்கூடமெல்லாம் போகுது. ஒண்டு மட்டும், இலை முறியாமல் திருப்பித் தரவேணும்.”

“தண்ணி?”

“நீங்கள் ஊத்தவேண்டாம். வந்தாப்பிறகு நான் ஊத்துவன்.”

புதன்கிழமை பின்னேரம் வஸீர் தோட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினான். வரும் வழியில் செயற்றிட்டத்தின் பஜிரோ ஜீப் தன்னை முந்திக்கொண்டு போனதாகவும், உள்ளே இருந்த அம்மா கண்ணாடியை இறக்கிக் கன்றுகளைப் பார்த்துக் கைகாட்டியதாகவும் சொன்னான். ஊர்ச்சனம் மண்ணைத் தோண்டிச் சட்டிகளை விளிம்புவரை புதைத்தது. செவ்வரத்தை, குரோட்டன், மல்லிகை, எலுமிச்சை, ஒரு மாதுளை. அடேயப்பா! கண்டல்வெளி அப்படியொரு பச்சையைப் பார்த்து எவ்வளவு காலம்! ஆடு வராமல் பிள்ளைகள் சுற்றி நின்று காவல் காத்தார்கள்.

“சேர், உதுகளுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?” என்று கிறிஸ்ரினா கேட்டாள்.

“ஒருத்தரும் ஊத்தத் தேவையில்லை பிள்ளை.”

“அப்ப எங்களமாதிரித்தானோ?”

பரமநாதன் கிணற்றை நினைத்துக்கொண்டார். ஒரே ஒரு நாள் பொய், அதற்குப் பிறகு காலம் முழுவதும் தண்ணீர். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மெடமும் சாந்தரூபனும் வந்தார்கள். மாலை போட்டு, பாட்டுப் பாடி, தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். தோட்டத்தைக் கண்டதும் மெடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கிழமை கண்டல்வெளிக்கு வந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

“இந்த வறண்ட மண்ணில... இப்பிடியொரு செவ்வரத்தை...” என்று குனிந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளினார். இலை வரவில்லை. செடி வந்தது. செடியோடு சட்டியும் வந்தது. மெடம் சட்டியைத் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தார்.

“இதென்ன, சட்டியோட புதைச்சிருக்கிறீங்கள்?”

றஞ்சிதம் ரீச்சர் வானத்தில் எதையோ தேடினார். சாந்தரூபனுக்குத்தான் அதிகம் வியர்த்தது. இந்தத் தோட்டத்தின் குட்டு உடைந்தால் மற்றத் தோட்டங்களின் குட்டும் உடையும்; முதலாந்தரம் என்று காட்ட அவரிடம் ஒன்றும் மிஞ்சாது. முதலாந்தரம் இல்லையென்றால் செயற்றிட்டம் இல்லை, செயற்றிட்டம் இல்லையென்றால் பஜிரோ இல்லை.

“மெடம்!” என்று கத்தினார். “சட்டிப் புதைப்பு முறை!”

“என்னது?”

“வேரைச் சுத்திச் சட்டி இருந்தால் ஈரம் மண்ணுக்குள்ள இறங்கி வீணாப் போகாதெல்லோ. நீர் முகாமைத்துவம், மெடம்!”

மெடத்தின் முகம் மலர்ந்தது. “அடியில ‘அருள்’ எண்டு எழுதியிருக்குதே?”

“அது... பிள்ளை ஒண்டின்ர பேர் மெடம்” என்றார் பரமநாதன். “கன்றைத் தத்தெடுத்தவர்.”

மெடம் அடுத்த சட்டியைக் கிளப்பினார். அருள். அடுத்தது. அருள்.

“எல்லாக் கன்றையும் ஒரே பிள்ளையோ தத்தெடுத்தவர்?”

“சரியான ஆர்வமான பிள்ளை மெடம். இண்டைக்குக் காய்ச்சலெண்டு வரேல்லை.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் கிறிஸ்ரினா நின்றுகொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு இருக்கிற பிள்ளையைப் பார்க்க அவரால் முடியவில்லை.

“மெடம், நான் உண்மையைச் சொல்லிப்போடுறன். இது எங்கட தோட்டம் இல்லை. வாடகைத் தோட்டம். பின்னேரம் திரும்பிப் போயிடும். நேற்று நீங்கள் மற்றப் பள்ளிக்கூடத்தில பாத்ததும் இதைத்தான். அருள் எண்டது கடைக்காரன். எங்களிட்டைத் தண்ணி இல்லை மெடம். தண்ணி இருந்தால் நாங்களே வளர்ப்பம். பிள்ளையள் மயங்கி விழுகுதுகள். எங்களுக்குத் தோட்டம் வேண்டாம், பரிசு வேண்டாம், அந்தக் கிணத்தைத் திறந்து தாங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்.”

மெடம் கண்ணாடியைக் கழற்றினார். பரமநாதன் தண்டனையை எதிர்பார்த்துத் தலை குனிந்து நின்றார். இடமாற்றமோ, விசாரணையோ, எதுவென்றாலும் வரட்டும், உண்மை வெளியே போய்விட்டது என்று மனம் ஆறியது.

“சாந்தரூபன்” என்றார் மெடம் தழுதழுத்த குரலில். “எழுதுங்கோ. பகிரப்பட்ட தோட்டம். ஒரு தோட்டத்தை இத்தினை பள்ளிக்கூடம் பங்கிட்டுப் பாவிக்குது. வீண்விரயம் இல்லை. இதைத்தானே நாங்கள் புத்தகத்தில படிப்பிக்கிறம்!” பிறகு பரமநாதனிடம் திரும்பினார். “தண்ணி எவ்வளவு விடுறீங்கள்?”

“விடுறேல்லை மெடம். ஒரு துளியும் இல்லை.”

“ஒரு துளியும் இல்லை!” மெடம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

கண்டல்வெளி வித்தியாலயம் முதலாந்தரம் பெற்றது. விழா நடந்தது, கதிரைகள் அருளப்புவுடையவை. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் வாங்கியதும் பரமநாதன் சாந்தரூபனை ஓரமாக அழைத்தார்.

“தம்பி, கிணறு எப்ப துவங்குவியள்?”

“என்ன சேர் கதைக்கிறீங்கள்? தண்ணியில்லாமல் முதலாந்தரம் எடுத்த பள்ளிக்கூடம் இது. இங்க கொண்டுவந்து கிணறு கட்டினால் அந்த முறையையே கெடுத்ததாப் போகும். மெடம் சம்மதிக்கமாட்டா.”

“அப்ப எங்களுக்கு ஒண்டுமில்லையோ?”

“ஏன் இல்லை? மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு இதைப் படிப்பிக்கத் தொடர் செயலமர்வு வைக்கப்போறம். நீங்கள்தான் பாடம் எடுக்கிற வளவாளர்! பெரிய கௌரவம் சேர்.”

பரமநாதனுக்கு அழுகைதான் வந்தது. சான்றிதழைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து இருந்தார். றஞ்சிதம் ரீச்சர் அதை எடுத்து அளவு பார்த்தார். “தாங்கி மூடி உடைஞ்சு கிடக்குது சேர். இது நல்லாப் பொருந்தும்” என்றார்.

அதே குளிரூட்டிய மண்டபம். பின்னால் பெரிய பதாகை: ‘நீரின்றிப் பசுமை: கண்டல்வெளி மாதிரி’. முன்னால் மாவட்டத்து அதிபர்கள், எல்லோரும் அருளப்புவின் வாடிக்கையாளர்கள். பரமநாதன் தொண்டையைச் செருமி, “முதலில சட்டியை எடுக்கவேணும்” என்று தொடங்கினார். எல்லோரும் மிகக் கவனமாக எழுதிக்கொண்டார்கள். ஒருவர் கையை உயர்த்தி, “எவ்வளவு ஆழத்துக்குப் புதைக்கலாம்?” என்று கேட்டார். அந்தப் பரிசோதனைக் கிழமை செவ்வாயன்று அதே சட்டிகளை அளந்து புதைத்தவர் அவர்.

பரமநாதன் பதில் சொன்னார். ஆனால் கண் வேறெங்கோ இருந்தது. மேசைக்கு மேசை போத்தல்கள். மூடி திறந்து, இரண்டு மிடறு குடித்து, மறந்துவிட்ட போத்தல்கள். தேநீர் இடைவேளையில் விடுதி ஊழியர் ஒருவர் வந்து அவற்றைச் சேர்த்து, ஒரு ஜன்னலைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வாய்க்காலில் கவிழ்க்கத் தொடங்கினார். சளசளவென்று தண்ணீர் விழுந்த சத்தத்தில் பரமநாதன் துள்ளி எழுந்தார்.

“தம்பி! ஊத்தாதேங்கோ! நில்லுங்கோ!”

ஓடிப்போய்ப் போத்தல்களைப் பறித்தார். தலைமை வளவாளர், கழுத்தில் பெயரட்டை தொங்க, மேசை மேசையாகப் போய் எச்சில் போத்தல்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டார். மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஓர் அதிபர் எழுந்தார். தன் முன்னால் இருந்த போத்தலின் மூடியை இறுக்கித் தன் பைக்குள் வைத்தார். பிறகு பக்கத்துப் போத்தலை எடுத்தார். அவருடைய பள்ளிக்கூடத்திலும் கிணறு இல்லை. அடுத்த செயலமர்வுக்கு எல்லோரும் குறிப்புப் புத்தகம் கொண்டுவந்தார்களோ இல்லையோ, உரப்பை கொண்டுவந்தார்கள். தோட்டம் ஏற்றித் திரிந்த வஸீரின் பட்டா இப்போது போத்தல் ஏற்றித் திரிந்தது.

“ஊரார் வாய் வைச்சது சேர்” என்று முதல் நாள் றஞ்சிதம் ரீச்சர் முகத்தைச் சுளித்தார்.

“கொதிக்க வையுங்கோ ரீச்சர்.”

அவர் அடுப்பை மூட்டினார். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; புகை அவ்வளவாக இருக்கவில்லை. பெரிய பானையில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பவுசர் வராத நாட்களில் பிள்ளைக்கு ஒரு கோப்பையாகக் கொடுத்தார்கள். கிறிஸ்ரினா குடித்துவிட்டுக் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசித் துளியையும் நாக்கில் விட்டுக்கொள்வாள். பரமநாதன் ஒரு செயலமர்வையும் தவறவிடவில்லை. சுற்றாடல் கல்வியில் இவ்வளவு பற்றுள்ள அதிபரைத் தான் கண்டதில்லை என்று சாந்தரூபன் எங்கும் சொல்லித் திரிந்தார்.

ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக்காக மெடம் மறுபடியும் வந்தார். நாலாம் வகுப்பில் ‘நீர் கிடைக்கும் இடங்கள்’ பாடம் நடந்துகொண்டிருந்தது. மெடம் உள்ளே வந்து, கையிலிருந்த போத்தலால் மேசையில் மெல்லத் தட்டி, வகுப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

“எங்க, சொல்லுங்கோ பாப்பம். எங்களுக்குத் தண்ணி எங்கயிருந்து கிடைக்குது?”

“மழையில!” என்றது ஒரு பிள்ளை. “குளத்தில!” என்றது இன்னொன்று.

“கெட்டிக்காரர். வேற?”

கிறிஸ்ரினா எழுந்தாள். “செயலமர்வில, மெடம்.”

சாந்தரூபன் சிரித்துவிட்டார். மெடமும் சிரித்தார். “செயலமர்விலயோ? அதெப்பிடிப் பிள்ளை?”

“நீங்கள் எல்லாரும் குடிச்சுப்போட்டு மிச்சம் விடுவியள். எங்கட சேர் அதைப் பொறுக்கிக்கொண்டு வருவார். ரீச்சர் கொதிக்க வைச்சுத் தருவா.”

மெடம் தன் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். பாதி இருந்தது. வகுப்பு முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பரமநாதன் கதவடியில் நின்று பார்த்தார். இதற்கு மேல் விளங்கப்படுத்த ஒன்றுமில்லை. இனி இந்த மனுசிக்கு விளங்கும், கிணறு வரும்.

மெடம் கண்ணைத் துடைத்தார். போத்தலைக் கிறிஸ்ரினாவின் மேசையில் வைத்தார். அவளுடைய தலையைத் தடவினார்.

“சாந்தரூபன்” என்றார். “இந்தப் பிள்ளையளுக்கு நாங்கள் செய்தது காணாது. மாதம் ஒரு செயலமர்வு எந்த மூலைக்கு? இனிக் கிழமைக்கு ஒண்டு வையுங்கோ.”

பரமநாதன் கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார்.

“ஓம் மெடம், வையுங்கோ. ஆனா வாறவையைக் கொஞ்சமாக் குடிக்கச் சொல்லுங்கோ. இங்க பிள்ளையள் இருக்கினம்.”